ஊஞ்சத்தோட்டத்து நோவு

அக்கா,

போன முகூர்த்தத்தில் நாமக்கல்லுக்குத் தெற்கே வேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முந்தின நாள் மழையில் மண்டபத்து வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சாக்கடை நாற்றம் தெரியாமலிருக்க யாரோ பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்திருந்தார்கள். பட்டுச்சேலைக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் அந்த வாசத்தில் நின்றுவிட்டேன். என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்த்தது. உங்கள் தோட்டத்துக்குள் நுழையும் கடவில் நீங்கள் வைத்திருந்த சிமெண்டுத் தொட்டியும் அதில் கரைத்து வைத்த இதே பவுடரும் நினைவுக்கு வந்துவிட்டன. அந்தத் தண்ணீரில் காலை நனைக்காமல், மண்வெட்டியைக் கழுவாமல் ஒரு ஆள் உங்கள் காட்டுக்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.

அப்படி நின்றபோதுதான் பின்னால் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களைப் பார்த்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தாரைப் பாருங்க மாப்ள, காய் சுண்டுவிரலாட்ட இருக்குது. கல்யாணத்துக்குக் கட்டற மரமா இது?"

"ஊஞ்சத்தோட்டத்து நோவு வந்த காட்டுல சல்லிசா வெட்டியாந்திருப்பாங்க மச்சான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் திரும்பினேன். மாப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவர் சின்ன வயதுக்காரர். நம் ஊர் முகம் இல்லை.

"ஊஞ்சத்தோட்டம் எங்க இருக்குதுன்னு தெரியுமுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"அது ஊரு இல்லீங்கம்மா. நோவோட பேருங்க. வாழைக்கு வருமுங்க."

நோவோட பேராம்! அவர் பொய் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அது நோவு பேரு இல்லை, ஒரு மனுசியோட பேரு" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பேசியதை எழுதி என்ன ஆகப்போகிறது? பெண்ணுடைய அப்பாவே வந்து, "வாங்கக்கா, மொதப் பந்தியிலயே உக்காந்திருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிற அளவுக்குப் பேசினேன். இலையில் வைத்த பழத்தைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நம் பக்கத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. எந்தத் தோட்டத்தில் குடியிருக்கிறோமோ அதுவே நம் பெயர். நான் பனங்காட்டுக்காரி. உங்களுக்கு ஊஞ்சத்தோட்டத்தம்மா. உங்கள் வேலியோரம் நிற்கும் ஊஞ்ச மரத்தால் தோட்டத்துக்கு வந்த பெயர், தோட்டத்தால் உங்களுக்கு வந்தது. ரேஷன் கடையில் இருந்து கோயில் வரி வரைக்கும் அந்தப் பெயரில்தான் நீங்கள் நடமாடினீர்கள். அந்தப் பெயரை எடுத்து ஒரு நோவுக்கு வைத்தால் அது யார் மேல் ஒட்டும்? வைத்தவர்களுக்கு அது தெரியும்.

வாய்க்காலில் தண்ணீர் வரும் வரிசையில் முதலில் மேல்தோட்டம், அடுத்து உங்கள் ஊஞ்சத்தோட்டம், அதற்கும் கீழே என் பனங்காடு. உங்கள் காட்டில் பாய்ந்து வழிகிற தண்ணீர் என் காட்டுக்குள்தான் இறங்கும். உங்களால் நோவு பரவியது என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது என் வாழை. குறை சொல்லும் உரிமை இந்த ஊரில் யாருக்காவது உண்டென்றால் எனக்குத்தான். நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு ஒரு தார்கூட வீணாகாதபோது, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களும் மேட்டுக்காட்டில் சோளம் விதைப்பவர்களும் சொன்னார்கள்.

உங்கள் காட்டில் முதல் மரம் மஞ்சளானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடியிலைகளின் ஓரம் மஞ்சள் கட்டி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கின. உங்கள் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடக்கே போர்க்கிணறு போடப் போயிருந்தார். போனால் தீபாவளிக்குத்தான் வருவார். காடு, மாடு, தண்ணீர் முறை எல்லாம் உங்கள் தலையில்தான். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "வாடல் நோயிங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட ஊர் என்ன செய்தது? வாடுகிறதா, தண்ணீர் கட்டு என்றது. மேல்தோட்டத்துக்காரர் என்றார், அவர் தங்கச்சி வீட்டுக்காரர் என்றார், போகிறவர் வருகிறவர் எல்லாம் என்றார்கள். வாடின பயிருக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறென்ன தெரியும் நமக்கு? ஊரே மடையைத் திறந்துவிட்டது. நோவைப் பரப்பும் பூஞ்சாணம் தண்ணீரோடு வயல் வயலாக இறங்கியது.

வாடல் என்று அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. படித்தவராகத்தான் இருப்பார். வேரில் புகுந்து, மரத்தின் தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துக் கொல்கிற நோவு அது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே மரம் தாகத்தில் சாகிறது. அதற்கு அடைப்பு என்று பெயர் வைத்திருந்தால் நாங்கள் மடையைத் திறந்திருக்க மாட்டோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உர மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் இருக்கும் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றவள். எனக்குத் தோன்றுகிற இது அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

நீங்கள் மட்டும்தான் தண்ணீர் கட்டவில்லை. அரிவாளை எடுத்து அந்த மரத்தை அடியில் சாய்த்தீர்கள். வெட்டு வாயில், வெள்ளையாக இருக்க வேண்டிய தண்டில், வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் சிவப்பு வளையம் வளையமாக இருந்தது. கிழங்கைப் பிளந்தபோது அழுகின மீன் நாற்றம். நீங்கள் ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "இது தண்ணிக்கு வந்த கேடில்லை அம்முணி. உள்ள என்னமோ புகுந்திருக்குது" என்றீர்கள்.

அது எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பட்டத்துக்கு ரஸ்தாளிக் கன்று தட்டுப்பாடு. மேல்தோட்டத்துக்காரர் எங்கோ விலை பேசி லாரியில் கன்று இறக்கினார். வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரர்கள் பலரும் அந்த லாரியில் இருந்துதான் எடுத்தார்கள். நீங்களும் எடுத்தீர்கள். எனக்கு அந்த வருடம் பழைய வாழை போக மீதிக் காட்டில் கரும்பு நின்றதால் நான் எடுக்கவில்லை. அவர் வேண்டுமென்று நோவைக் கொண்டுவரவில்லை, அது எனக்குத் தெரியும். கன்றைப் பார்த்தால் நோவு தெரியாது. அதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. அடுத்து அவர் செய்ததற்குத்தான்.

உங்கள் காட்டில் மஞ்சள் தெரிந்த அதே வாரம் அவர் காட்டிலும் தெரிந்தது. லாரிக் கன்று எடுத்த மற்றவர்கள் காட்டிலும் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால், "காத்துல எலை கிழிஞ்சிருச்சு" என்றார்கள், "நூப்புழு" என்றார்கள், "சாம்பல் சத்து பத்தலை" என்றார்கள். செத்த மரத்தை வெட்டி, யாரும் பார்க்காதபோது வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள். தண்ணீரில் மிதந்து வந்த வாழைத்தண்டுகளை நாம் இரண்டு பேரும் மடைவாயில் தடுத்து, கொக்கி போட்டு இழுத்து, வெயிலில் போட்டு எரித்தது எத்தனை தடவை! ஈரத் தண்டு எரியாமல் புகைந்து புகைந்து கண்ணில் நீர் கொட்டும். நீங்கள் அப்போதும் சிரிப்பீர்கள். "மேல்தோட்டத்து அண்ணன் ஊட்டுச் சீர் வந்திருக்குது, எடுத்து வெய்யி அம்முணி" என்பீர்கள்.

அந்தப் பட்டத்தில்தான் நீங்கள் ஊர் செய்யாத காரியத்தைச் செய்தீர்கள். வாய்க்கால் கூட்டத்தில், தண்ணீர் முறை பேச எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்தில், எழுந்து நின்றீர்கள். பெண்கள் அங்கே எழுந்து நிற்பதே அபூர்வம்.

"என்ற காட்டுல வாழைக்கு நோவு வந்திருச்சுங்க. சொல்லிப்போடலாம்னு வந்தேனுங்க. ஆரும் உள்ள வராதீங்க. வந்தா காலைக் கழுவிட்டு வாங்க, கழுவிட்டுப் போங்க. எங்கிட்டக் கன்னு கேக்காதீங்க. என்ற மடை வழியா ஒரு பொட்டுத் தண்ணி இனிக் கீழ எறங்காது. நானே அடைச்சிருவேனுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். மேல்தோட்டத்துக்காரர் மட்டும், "அடப் பாவமே, உங்களுக்கா வரோணும்?" என்றார். அவர் காட்டில் அன்றைக்கு எத்தனை மரம் சாய்ந்து கிடந்தன என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

சொன்னபடியே செய்தீர்கள். என் காட்டுப் பக்கம் இருந்த மடையைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தீர்கள். கடவில் தொட்டி கட்டினீர்கள். உங்கள் சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து வேலி நெடுகக் கட்டினீர்கள், தூரத்தில் வரும்போதே ஆளுக்குத் தெரிய வேண்டும் என்று. கன்று கேட்டால் இல்லை என்று சொல்லாத ஊர் நம்முடையது. கன்றுக்குக் காசு வாங்க மாட்டோம். அது குலை தள்ளினால் முதல் சீப்பைக் கன்று கொடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். அந்த ஊரில் உங்கள் சம்பந்தியம்மா, மகளுடைய மாமியார், ராசிபுரத்தில் இருந்து நெய் டப்பாவோடு வந்து, வீட்டுக் கொல்லையில் வைக்க இரண்டே இரண்டு கன்று கேட்டார். நீங்கள் இல்லை என்றீர்கள்.

"பொண்ணையே குடுத்தீங்க, ஒரு வாழைக்கன்னு குடுக்க மாட்டீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

"பொண்ணு நல்லா இருக்குதுங்க, குடுத்தேன். கன்னு நல்லா இல்லீங்களே" என்றீர்கள்.

அந்தம்மா காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். அந்தச் சடவில் உங்கள் மகளை ஆடிக்கு அனுப்பவில்லை. நீங்கள் அதை என்னிடம் சொல்லும்போது அழுதீர்கள். ஆனால் அடுத்து வந்து கேட்டவருக்கும் இல்லை என்றுதான் சொன்னீர்கள். இதே நேரத்தில் மற்ற தோட்டங்களில் இருந்து கேட்டவருக்கெல்லாம் கன்று போய்க்கொண்டிருந்தது. நல்ல மனசுக்காரர்கள்! முதல் சீப்பும் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

இதற்கு ஊர் கொடுத்த பரிசு அந்தப் பெயர். டீக்கடையில் முதலில் சொன்னது மேல்தோட்டத்துக்காரர்தான். அவர் காட்டைப் பார்த்துவிட்டு யாரோ, "என்னுங்க, மரமெல்லாம் இப்படிப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார். "ஊஞ்சத்தோட்டத்து நோவுங்க. என்னத்தப் பண்றது, பக்கத்துக் காடாப் போச்சு" என்று இவர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் கீழே இருந்து மேலே ஏறியதாம்! கேட்டவர் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் காட்டில் செத்த மரத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. யார் வாய்விட்டுச் சொன்னாரோ அவர் பெயரிலேயே முடித்துவிட்டார்கள்.

பெயர் வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. நோவு தாக்காத மரத்தில் வெட்டின உங்கள் தாரையும் வியாபாரி தொடவில்லை. மரத்து நோவு மனிதருக்கு ஒட்டாது, பழத்தில் ஒன்றும் இல்லை என்று நான் போய் நின்று சொன்னேன். "எனக்குத் தெரியுமுங்க, வாங்கறவங்களுக்குத் தெரியோணுமே" என்றார். விவசாய ஆபீசில் இருந்து வந்தவர் மண்ணைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு, நெல் போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நஷ்டத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, காற்றில் சாய்ந்த மரம் என்றால் பார்க்கலாம் என்று பதில். காற்றில் விழுந்தால் அது வாழை. நின்றபடி செத்தால் அது ஒன்றுமில்லை. "காத்தை எங்க போயிக் கூட்டியார்றது?" என்று நீங்கள் அவரிடமே கேட்டீர்கள். அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தீபாவளிக்கு வந்த உங்கள் வீட்டுக்காரர் வேலியில் தொங்கிய சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு, "ஊரே சும்மா இருக்குது, நீ மட்டும் எதுக்குத் தண்டோராப் போட்டே?" என்று சத்தம் போட்டார். நீங்கள் சொன்ன பதிலை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "சொல்லிப்போடோணும். அப்பறம் அவிய பாடு." அவ்வளவுதான். அதற்குமேல் நியாயம் எதுவும் நீங்கள் பேசியதில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவிய பாடு என்று என்னால் விட முடிந்ததே இல்லை.

அந்தக் காட்டை எல்லாம் அழித்து நெல் போட்டீர்கள், கரும்பு போட்டீர்கள். சாகும்வரை வாழை வைக்கவே இல்லை. உங்கள் சாவுக்கு ஊரே வந்தது. சுடுகாடு வரைக்கும் வந்துவிட்டு, வழக்கப்படி எல்லோரும் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினார்கள். நீங்கள் உயிரோடு இருந்து கால் கழுவச் சொன்னபோது, "இதென்ன கோயிலா?" என்று முகம் சுளித்தவர்கள், நீங்கள் போன பிறகு முழங்கால் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அழுகை வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மகள் இந்தப் பட்டத்துக்குக் காட்டில் பூவன் வாழை வைக்க நினைத்தாள். பூவன் அந்த நோவை ஓரளவு தாங்கும் என்று எங்கெங்கோ விசாரித்து வைத்திருக்கிறாள். ராசிபுரத்தில் இருந்து பஸ்ஸில் வந்து வந்து அவளே உழவு ஓட்டினாள். அது தெரிந்ததும் மேல்தோட்டத்துக்காரர் வாய்க்கால் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். ஊஞ்சத்தோட்டத்தில் மறுபடி வாழை வைத்தால் அந்தக் காட்டுக்குத் தண்ணீர் முறையே கிடையாது என்று முடிவு செய்ய வேண்டுமாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை என் கற்பூரவள்ளி வாழைக் காட்டைச் சுற்றி வந்தேன். வாய்க்காலை ஒட்டின வரிசையில் ஒரு மரம். அடியிலையின் ஓரத்தில் மஞ்சள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இருந்தாலும் வெட்டிப் பார்த்தேன். வெற்றிலை எச்சில்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அக்கா. மரம் போகிறதே என்று உட்காரவில்லை. கூட்டத்தில் நான் எழுந்து என் காட்டில் நோவு என்று சொன்னால், மறு நிமிடம் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்துக் காடு ஊஞ்சத்தோட்டம், பார்த்தீர்களா, வந்துவிட்டது என்பார்கள். உங்கள் பெயர் இன்னும் ஆழமாகப் பதியும். உங்கள் மகளுக்குத் தண்ணீர் முறை பறிபோகும். சொல்லாமல் விட்டால் அவள் பிழைப்பாள். மரத்தைச் சத்தமில்லாமல் வெட்டி எரித்துவிட்டு, இலை கிழிந்தது காற்றில் என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் பெயரைக் காப்பாற்ற நான் அந்த ஆட்கள் மாதிரி ஆக வேண்டும். அவர்களை மாதிரி ஆகாமல் இருந்தால் உங்கள் பெயர் போகும். எப்படிக் கட்டிவைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையை வைத்து!

கூட்டத்தில் உங்கள் மகள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேல்தோட்டத்துக்காரர் குரலைத் தாழ்த்தி, பாவப்படுகிறவர் மாதிரித்தான் பேசினார். "இந்த அம்முணி மேல எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லைங்க. ஆனா அந்த நோவு எந்தக் காட்டு நோவுன்னு ஊருக்கே தெரியும். மறுக்கா அங்க வாழை வெச்சா நம்ம காடெல்லாம் என்னத்துக்கு ஆகறது?"

பல தலைகள் ஆடின. நான் எழுந்தேன்.

"பனங்காட்டுல வாழைக்கு நோவு வந்திருச்சுங்க. நேத்துப் பார்த்தேன். சொல்லிப்போடலாம்னு வந்தேன்."

சலசலப்பு. நான் நினைத்ததேதான். "அப்பறம் என்னுங்க, பக்கத்துக் காடு! அங்கிருந்துதான்!" என்று அவர் கிட்டத்தட்டச் சந்தோஷப்பட்டார்.

"எங்கிருந்துன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. ஊஞ்சத்தோட்டத்து மடையைச் சிமெண்டு வெச்சு அடைச்சது நீங்க எல்லாம் பார்த்ததுதானுங்க. அதுக்கப்பறம் அங்கிருந்து சொட்டுத் தண்ணி என்ற காட்டுக்கு வரலை. எனக்கு வர்றது வாய்க்காத் தண்ணி. மரம் போனதும் வாய்க்கா ஓரத்துல. அந்த வாய்க்கால்ல செத்த மரத்தைத் தள்ளி உட்டது ஆருன்னு நான் சொல்ல வரலைங்க."

"என்னையச் சாடை பேசறீங்களா?" அவர் துண்டை உதறி எழுந்துவிட்டார்.

"உங்களை எதுக்குங்க சொல்றேன்? உங்க காட்டுல நோவு வந்துதுன்னு நீங்கதான் ஒருநாளும் சொல்லலையே. சொல்லியிருந்தா உங்க பேரையும் வெச்சிருப்போம்."

பின்வரிசையில் யாரோ பொக்கென்று சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னும் நாலைந்து பேர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சிரிப்புக்காக ஊர் இத்தனை வருடம் காத்திருந்ததா, அல்லது சும்மா வேடிக்கைக்குச் சிரித்தார்களா என்று தெரியவில்லை. எனக்கு அது பற்றி அக்கறையும் இல்லை.

நான் உட்காரவில்லை. "சொன்னவங்க பேரைத்தான் நோவுக்கு வெக்கறது நம்மூரு வழக்கம்னா, இன்னிக்குச் சொன்னவ நான். அதுக்கு இன்னையிலிருந்து பனங்காட்டு நோவுன்னு பேரு. ஊஞ்சத்தோட்டத்துல இப்ப ஒரு வாழைகூட இல்லீங்க. இல்லாத வாழைக்கு எங்கிருந்து நோவு? தண்ணியை நிறுத்தறதுன்னா மொதல்ல என்ற காட்டுக்கு நிறுத்துங்க" என்றேன்.

என் தண்ணீரை நிறுத்தினால் நான் வாய்க்கால் மேட்டில் படுத்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில், உங்கள் மகள் பழைய தொட்டியை மறுபடி கட்டி, நீங்கள் அடைத்த மடையைத் திறக்காமல் வைத்திருந்தால் பூவன் வைத்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள். ஒவ்வொரு காட்டுக் கடவிலும் தொட்டி வேண்டும் என்று நான் கேட்டேன். அதற்குச் சிரித்தார்கள். "இந்தம்மாளுக்கு வெச்சாக் குடுமி" என்று ஒருவர் முணுமுணுத்தார். சிரிக்கட்டும். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

வெளியே வந்ததும் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னம்மா, ஏன் அப்படிச் சொன்னீங்க? இனி உங்க தாரை ஆரும் வாங்க மாட்டாங்களே" என்றாள். நான் சொன்ன பதில் உங்களுடையதுதான், பாதி மட்டும். சொல்லிப்போடோணும் என்றேன். அவிய பாடு என்பது என் வாயில் இன்னும் வரவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு கீழ்க்காட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அந்தத் தொட்டிக்குப் பவுடர் எவ்வளவுங்க கரைக்கோணும்?" என்று கேட்டார். அவர் காட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்தும் இதைக் காதோடு காதாகத்தான் கேட்கிறார்கள், அக்கா.

வேலியில் துணி கட்ட என்னிடம் சிவப்புச் சேலை இல்லை. மருமகள் எடுத்துக்கொடுத்து நான் ஒருநாளும் கட்டாத ரோஸ் சேலை ஒன்று இருந்தது. அதைக் கிழித்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடவில் தொட்டி கட்டியாயிற்று. காலையில் பவுடர் கரைப்பது நான்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் கை வாசம் போகவில்லை. சாப்பிடும்போதும் அடிக்கிறது. உங்கள் கையில் சோறு வாங்கிச் சாப்பிட்ட நாட்களில் அந்தச் சோற்றில் அடித்த அதே வாசம். அப்போது அது எனக்குக் குமட்டும்.

மேல்தோட்டத்துக்காரர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார் என்று கேள்வி. சொல்லட்டும். அவர் சொல்லும் இடத்திலெல்லாம் நான் போய் நின்று திருத்துவேன். அவருக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. யார் முதலில் ஓய்கிறோம் என்று பார்ப்போம்.

நேற்று நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் தார் வெட்டப் போகிற ஆட்கள் இரண்டு பேர். நம் ஊர் இல்லை.

"அந்தக் காட்டுக்குப் போனா அரிவாளைக் கழுவிட்டுப் போடா. பனங்காட்டு நோவு இருக்குதாமா."

"அதென்ன புதுசா?"

"ஆருக்குத் தெரியும். பனங்காட்டுக்காரின்னு ஒரு கெழவியாமா, பெரிய வாயாடியாமா. அது காட்டுல வந்துதாமா."

நான் திரும்பிக் கேட்கவில்லை. திட்டவில்லை. டிக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.